ஆட்டோ சகாதேவனும் சீமை நாவப்பழச் சாறும்

செங்கம் சாலை ஆட்டோ ஸ்டாண்டில் சகாதேவனுக்கு வாய் நீளம் என்று பெயர். டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினால், "இன்னா சார், இந்த வெயில்ல நிக்கறீங்களே, மோர் கீர் குடிச்சீங்களா?" என்று குசலம் விசாரித்தே தப்பித்துவிடுவார். லாட்ஜ் மேனேஜர், கட்சிக்காரர், கந்துவட்டிக்காரர் எவராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஐம்பதைத் தாண்டிய அந்த மனுஷர் பெட்டிப்பாம்பாக அடங்குவது ஒரே ஒருவருக்கு முன்னால். அவர் டாக்டர் சந்திரகலா.

டாக்டரம்மா காலையில் அரசு ஆஸ்பத்திரியில் இருப்பார். சாயங்காலம் சின்னக்கடைத் தெருப் பக்கம் சொந்த கிளினிக். கைராசிக்காரர், காசாசை இல்லாதவர், எல்லாம் சரி. ஆனால் திட்டுவார். கதவைச் சாத்திக்கொண்டு திட்டினாலாவது பரவாயில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி திட்டுவார்.

2001-ல் ஒருநாள் தேரடி வீதியில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சகாதேவனுக்குத் தலை சுற்றியது. டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, பி.பி. தாறுமாறாக இருக்கிறது, இனிமேல் தினமும் மாத்திரை, ஆயுசுக்கும் விடக்கூடாது என்றார். சகாதேவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். மாத்திரை போட ஆரம்பித்ததும் ஒரு தொல்லை வந்தது. அரை மணிக்கொரு தரம் ஒன்றுக்கு வந்தது. ஆட்டோக்காரன் பிழைப்பில் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று ஆட்டோ ஓட்டினவனுக்குத்தான் தெரியும். குடும்பத்தோடு சாத்தனூர் அணைக்குப் போகிற சவாரியை வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி வேலியோரம் ஒதுங்கினால் எவன் மறுபடி கூப்பிடுவான்? மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டார். தலை ஒன்றும் கழன்று விழவில்லை.

அடுத்த மாதம் டாக்டரம்மா மறுபடி காற்றடித்துப் பார்த்தார். அன்றைக்கு வாங்கின திட்டு சகாதேவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் போதும். "அறிவிருக்கா உங்களுக்கு? பொண்டாட்டி தாலியை அறுக்கப் பாக்கறீங்களா? இப்படியே இருந்தா ஒருநாள் ஸ்டியரிங் மேலயே சாய்வீங்க, பின்னாடி உக்காந்திருக்கிறவனையும் சேத்து சாகடிப்பீங்க." வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அதில் ஒருத்தர் அவருடைய சம்பந்தி.

மறு மாதத்திலிருந்து சகாதேவன் ஒரு வழி கண்டுபிடித்தார். டாக்டரம்மாவிடம் போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மாத்திரையை எடுப்பார். வேளை தவறாமல் விழுங்குவார். அந்த ஒரு வாரம் தூர சவாரிக்குப் போகமாட்டார். பரீட்சைக்கு முதல் வாரம் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பையனைப் போல. பட்டை சுற்றிப் பார்த்தால் பி.பி. அடக்க ஒடுக்கமாக இருக்கும். டாக்டரம்மா முகம் மலரும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டை மறுபடி சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். இப்படி ஏமாற்றுகிற ஆள் தான் ஒருவன்தான் என்று அவர் நினைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் ஊர்சுலா அம்மாவின் சாறு வந்து சேர்ந்தது.

ஊர்சுலா ஜெர்மனிக்காரர். மலையைப் பார்க்க வந்து, திரும்பிப் போக மனசில்லாமல் செங்கம் சாலைப் பக்கம் வீடெடுத்துத் தங்கிவிட்டவர். மார்க்கெட், பேங்க், ஸ்டேஷன் எங்கே போவதானாலும் சகாதேவன் வண்டிதான். ஊர்சுலாவின் தங்கை வருஷா வருஷம் ஜெர்மனியிலிருந்து வரும்போது பெட்டி நிறைய பாட்டில் கொண்டுவருவார். கறுஞ்சிவப்பாக, திக்காக ஒரு சாறு. எல்டர்பெரி என்று ஊர்சுலா பெயர் சொன்னார். அந்த ஊரில் வேலியோரம் தானாக வளர்கிற மரமாம். கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சையாகத் தின்றால் வாந்தியெடுக்குமாம், காய்ச்சி வடிகட்டித்தான் குடிக்க வேண்டுமாம். ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். சகாதேவன் நாக்கை நீட்டி வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். நாவப்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அது சீமை நாவப்பழம்.

"இந்தக் கறுப்பு நிறம், அதுதான் நல்லது. ரத்தக் குழாய் உள்ளே இறுகாது. ஹார்ட்டுக்கு நல்லது. எங்க ஊர்ல சொல்றாங்க, கொஞ்சம் ஆராய்ச்சியும் இருக்கு" என்று ஊர்சுலா தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பிறகு விரலை உயர்த்திச் சொன்னார். "ஆனா இது சாப்பாடு. மருந்து இல்லை. மாத்திரை, இது, ரெண்டும். சரியா?"

"யெஸ் மேடம். ரெண்டும்" என்றார் சகாதேவன். பொய் சொல்லும்போது அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.

அந்த மாதம் கிளினிக்கில் பி.பி. வழக்கம்போல ஒழுங்காக இருந்தது. ஒரு வாரத்து மாத்திரை செய்த வேலை. டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இவரைப் பாருங்க. ஆட்டோ ஓட்டறாரு. ஒருநாள் விடாம மாத்திரை போடறாரு. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?" சகாதேவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே சந்தோஷத்தோடு ஸ்டாண்டுக்கு வந்தார். நாக்கு ஏன் கறுத்திருக்கிறது என்று ஒருத்தன் கேட்டான். "ஜெர்மன் சாறுப்பா. மாத்திரையெல்லாம் தூக்கிக் கடாசி எத்தினி நாளாவுது தெரியுமா? இப்பதான் டாக்டரம்மாவே பாத்துட்டு நார்மல்னு சொன்னாங்க" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

இப்படியாக டாக்டரம்மாவிடம் அவர் மாத்திரையை விடாத மனுஷர். ஸ்டாண்டில் மாத்திரையை விட்டும் நன்றாக இருக்கிற மனுஷர். இரண்டு இடத்திலும் மரியாதை. நாலு தடவை சொன்னதும் அவருக்கே அது நிஜமாகப் படத் தொடங்கியது. சாறுதான் தன்னைக் காக்கிறது, அந்த ஒரு வாரத்து மாத்திரை சும்மா டாக்டரம்மாவின் மனத் திருப்திக்கு என்று நினைக்க ஆரம்பித்தார். மனுஷனுக்கு அவ்வளவு சுலபமாகப் புத்தி கெட்டுவிடுகிறது.

இது இத்தோடு போயிருந்தால் கெட்டது அவருடைய உடம்பாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள்.

ராணியம்மாள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருந்தாள். புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகள் மணிமொழியைப் படிக்க வைத்து, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக உட்காரவும் வைத்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவளை சகாதேவன்தான் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தார். மாரடைப்பு. வேலூர்வரை கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் காலையில் ஒரு பிடி மாத்திரை, ராத்திரி ஒரு பிடி. அவளைப் பார்ப்பதும் டாக்டர் சந்திரகலாதான்.

2004 பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார் சகாதேவன். கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, பச்சரிசி, வெல்லம். தட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஊர்சுலாவிடம் கேட்டு வாங்கிய ஒரு பாட்டிலையும் வைத்தார். "குடிம்மா. ஹார்ட்டுக்கு அவ்ளோ நல்லது. மாத்திரை இல்லாமலே எப்டி இருக்கேன், என்னையே பாரேன்" என்றார். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அதை அவர் பின்னால் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அண்ணன் சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்ததை ராணியம்மாள் வெறும் சாறாகவா நினைப்பாள்? சாமி அறையில் வைத்து, குளித்துவிட்டு வந்து குடித்தாள். சித்திரையில் இன்னொரு பாட்டில் போயிற்று.

அந்த வருஷம் ஆனி மாதத்துப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது. ஊர்சுலாவுக்கு விசா விஷயமாக வேங்கிக்காலில் போலீஸ் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. ஊரே ஜனக்கடல். கிரிவலப் பாதையில் வண்டி எதுவும் விடமாட்டார்கள். சகாதேவன் சந்து பொந்தெல்லாம் நுழைந்து அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். வேலை முடிந்து இரண்டு பேரும் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மணிமொழி வந்தாள். மாமாவின் ஆட்டோவைப் பார்த்துவிட்டு ஆபீசிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"மாமா, அந்தச் சாறு இன்னொரு பாட்டில் கிடைக்குமா? அம்மா நேத்தோட முடிச்சிட்டாங்க."

"அதுக்குள்ளியா?"

"மாத்திரைய நிறுத்தினதுக்கு அப்புறம் ரெண்டு மூடி ஜாஸ்தியா குடிக்கறாங்க. எங்க அண்ணனே மாத்திரைய விட்டுட்டு கல்லு மாதிரி இருக்காரு, எனக்கு மட்டும் எதுக்கு இத்தினி மாத்திரைன்னு ஒரு மாசமா ஒண்ணுமே போடறதில்ல. நானும் சொல்லிப் பாத்தேன். நீங்களே நல்லா இருக்கீங்க, அதனால விட்டுட்டேன்."

சகாதேவன் டீ கிளாஸைக் கடைப் பலகைமேல் வைத்தார். ஊர்சுலாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"நிறுத்தினாங்களா?" என்றார் அவர். "நான் சொன்னேன். ரெண்டும்னு சொன்னேன். சகாதேவன், நீங்க மாத்திரை சாப்பிடறீங்கதானே?"

"சாப்பிடறேன் மேடம்" என்றது வாய். அது அவரைக் கேட்காமலே பேசிப் பழகியிருந்தது. மணிமொழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டார் சகாதேவன்.

"நல்லாதான் இருக்காங்க. காலையில தோளும் தாடையும் வலிக்குதுன்னாங்க. ஒரே வேர்வை. பௌர்ணமிக்கு மாவரைச்சது, அடுப்பு சூடு, அதான்னு சொன்னாங்க. இன்னிக்கு கடைய விட்டுட்டு நகருவாங்களா?"

தோள், தாடை, வேர்வை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் சாய்ந்த அன்றைக்கும் காலையிலிருந்து அதுதான் இருந்தது. அப்போதே அந்த இடத்திலேயே சகாதேவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருமகள் முகத்தைப் பார்த்து, வெள்ளைக்காரம்மா முகத்தைப் பார்த்து, நான் இத்தனை நாளாக எல்லாரையும் ஏமாற்றினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "நீ கடைக்குப் பக்கத்துல யாருக்காச்சும் போன் போட்டு, உக்கார வெக்கச் சொல்லு. நான் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மணிமொழி போட்ட போன் எதுவும் போகவில்லை. லட்சம் பேர் கூடுகிற நாளில் அங்கே எந்தச் செல்போன் வேலை செய்தது?

காஞ்சி சாலை முனையில் தடுப்பு போட்டிருந்தார்கள். ஆட்டோவை ஓரம் கட்டினார். ஊருக்குள் புகுந்து செங்கம் சாலை வழியாகப் போனால் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கலாம், ஆனால் அது மலையை முக்கால் சுற்று சுற்றுகிற வழி. இங்கிருந்து குபேர லிங்கம் பக்கமாகப் போனால் பாதித் தூரம்கூட இல்லை. ஒரே ஒரு கஷ்டம், அது எதிர்த் திசை. மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். பௌர்ணமியன்று எவனும் இடமாக வருவதில்லை.

"பெரியவரே, எதிர்ல போகக் கூடாது. கூட்டம் எப்டி வருது பாருங்க" என்று இளவயசுக் கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தான்.

"தங்கச்சி சாவக் கெடக்குது தம்பி" என்றார் சகாதேவன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அந்தப் பையன் கையை இறக்கிக்கொண்டான்.

நல்ல மத்தியான வெயில். ஜனங்கள் சாலை அடைத்து வந்துகொண்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக, கையில் வாட்டர் பாட்டிலோடு, தோளில் குழந்தையோடு. அத்தனை பேருடைய நெற்றியும் விபூதியும் அவரைப் பார்த்து வந்தன. அவர் ஒருத்தர் மட்டும் காக்கிச் சட்டையோடு அவர்களை இடித்துக்கொண்டு எதிரே போனார். "யோவ், கண்ணு தெரியல? இப்டியா வருவாங்க?" என்று ஒருத்தர் கத்தினார். "சாமி குத்தம்யா, திரும்பிப் போ" என்று ஒரு அம்மாள் குழந்தையை இழுத்துக்கொண்டாள். காலில் செருப்பு வேறு. ஒரு சாமியார் அதைப் பார்த்துத் தடியால் தரையைத் தட்டினார். சகாதேவன் செருப்பை உதறிவிட்டு நடந்தார். தார் ரோடு பாதத்தைச் சுட்டது. குத்தமெல்லாம் என் தலையிலேயே விழட்டும், அவளை மட்டும் விட்டுடுப்பா என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

நடக்க நடக்கப் பிடரி இறுகியது. காதுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். போன தடவை கிளினிக்குக்குப் போய்வந்த பிறகு மாத்திரை அட்டையை அவர் தொடவில்லை. சாறு மட்டும் அன்றைக்குக் காலையில்கூட இரண்டு மூடி குடித்திருந்தார். அவ்வளவு நாள் அவரைக் காத்ததாக அவர் ஊரெல்லாம் சொன்ன சாறு இப்போது எங்கே போயிற்று? நான் இங்கே விழுந்துவிட்டால் அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்ற பயத்தில் ஒரு பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவுக்கு அவர் பயப்பட்டதாகச் சொல்ல முடியாது. சொல்லாமல் செத்துவிடுவோமோ என்றுதான் பயந்தார். நீர்மோர்ப் பந்தலில் ஒருத்தர் டம்ளரை நீட்டினார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்தார்.

வாயு லிங்கத்தைத் தாண்டும்போது மனசு இன்னொரு வேலை செய்தது. உண்மையைச் சொல்லாமலே அவளைக் கிளப்ப முடியாதா என்று யோசித்தது. டாக்டரம்மா வரச் சொன்னாங்கன்னு சொல்லலாம். மணிமொழிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லலாம். இந்த நேரத்திலும் இன்னொரு பொய்யைத் தேடுகிற தன் புத்தியைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தேடிக்கொண்டுதான் போனார்.

கடையில் கூட்டம் நெரிந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ராணியம்மாள் அடுப்புக்குப் பின்னால் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

"இன்னாண்ணா, இந்தப் பக்கமா வர்ற? பாட்டில் கொண்டாந்தியா?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"எழுந்திரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"எதுக்கு?"

"உனக்கு உடம்பு சரியில்ல. மூஞ்சியப் பாரு. கோயில்கிட்ட டாக்டருங்க பந்தல் போட்டுருக்காங்க, அதுவரைக்குமாவது வா."

"பௌர்ணமி அன்னிக்குக் கடைய விட்டுட்டா? விளையாடறியா நீ? சும்மா அடுப்பு சூடு. நீ குடுத்த சாறு இருக்கச்சொல்ல எனக்கு இன்னா ஆவும்? வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன், எங்க அண்ணன் மாத்திரையே இல்லாம பி.பி.ய அடக்கிட்டாருன்னு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து சகாதேவனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "டாக்டரம்மா உன்ன உடனே..." என்று ஆரம்பித்தார். தங்கை கண்ணைப் பார்த்தார். முடியவில்லை.

"நான் பொய் சொன்னேம்மா."

"இன்னாது?"

"சாறு அடக்கல. டாக்டரம்மாகிட்ட போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி மாத்திரை போட்டுக்குவேன். திட்டுவாங்கன்னு பயந்துக்கினு. அதான் நார்மல்னு வந்துச்சு. மத்த நாள்ல எனக்கு பி.பி. எவ்ளோன்னு எனக்கே தெரியாது. ஸ்டாண்டுல பெருமைக்கு சொன்னேன். உங்கிட்டயும் சொல்லிட்டேன். எழுந்திரும்மா, உன் கால்ல வேணாலும் விழறேன்."

பச்சையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். ராணியம்மாள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். வெறுங்கால், கிழிந்த சட்டை, மூச்சு வாங்குகிற வாய்.

"எங்கிட்ட ஏன்ணா பொய் சொன்ன?" என்று கேட்டாள். கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"உங்கிட்ட சொல்லணும்னு சொல்லலம்மா. டாக்டரம்மாகிட்ட சொல்லப் போயி, ஊர்ல சொல்லி, அது உன்வரைக்கும் வந்துருச்சு."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி மடங்கியது. சகாதேவன் தாங்கிக்கொண்டார். பச்சையம்மாளும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அதில் அவளை உட்கார வைத்து அப்படியே தூக்கினார்கள். சுகாதாரத் துறைப் பந்தலில் இருந்த டாக்டர் நாடியைப் பிடித்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஒரு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னார், ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தார். வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியபோது அத்தனை கூட்டமும் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. சற்று முன்னால் திட்டிய ஜனங்கள்தான். ஜன்னல் வழியாக அவர்கள் கைகூப்புவதை சகாதேவன் பார்த்தார். தங்கையின் கை சில்லென்று அவர் கைக்குள் கிடந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று டூட்டி டாக்டர் சந்திரகலா. சகாதேவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மணிமொழி ஓடிவந்தாள், பின்னாலேயே ஊர்சுலா. இரண்டு பேரிடமும் சகாதேவன் எல்லாவற்றையும் சொன்னார். மணிமொழி மாமாவின் பக்கத்திலிருந்து எழுந்துபோய் எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். ஊர்சுலா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சக்கரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சகாதேவனுக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கதவு திறந்தது. மூன்று பேரையும் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். ராணியம்மாள் முகத்தில் மாஸ்க் வைத்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"பொழைச்சுட்டாங்க. ஆனா ஹார்ட்டுல ஒரு பகுதி வீணாப் போச்சு, அது திரும்ப வராது" என்றார் டாக்டரம்மா. "இனிமே அடுப்படியில நிக்கறதெல்லாம் முடியாது. மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தா இது வந்திருக்காது. யாரு நிறுத்தச் சொன்னது? ஏதோ ஜூஸ் குடிச்சாங்களாமே?"

ஊர்சுலா வாயைத் திறந்தார். அதற்குள் ராணியம்மாள் மாஸ்க்கை விலக்கினாள்.

"யாரும் சொல்லல டாக்டரம்மா. நானாத்தான் விட்டுட்டேன். ஞாபகம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். பேசாதே என்று அந்தக் கண் சொல்லியது.

"இல்ல டாக்டரம்மா. பொய் சொல்லுது. நான்தான்" என்றார் சகாதேவன். ஒரு வாரத்து மாத்திரை, ஸ்டாண்டில் அடித்த பெருமை, சீர்த்தட்டில் வைத்த பாட்டில், ஒன்று விடாமல் சொன்னார். இந்த அம்மா மேல தப்பில்ல, ரெண்டும் சாப்பிடுன்னுதான் சொன்னாங்க என்று ஊர்சுலாவைக் காட்டினார். டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அந்தச் சாறு பழரசம். அது உங்களை ஒண்ணும் பண்ணியிருக்காது" என்று மெதுவாகச் சொன்னார். "உங்களைத்தானே சகாதேவன் நான் எல்லாருக்கும் உதாரணமா காட்டினேன்."

அவ்வளவுதான். டாக்டரம்மா பேசாமல் நிற்பதை சகாதேவன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

கட்டிலிலிருந்து ராணியம்மாள் மறுபடி மாஸ்க்கைத் தூக்கினாள். குரலே எழும்பவில்லை. "அவரத் திட்டாதீங்க டாக்டரம்மா. சின்னதுலேருந்தே அவருக்குத் திட்டு வாங்கினா தாங்காது."

சகாதேவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "திட்டுங்க டாக்டரம்மா" என்றார். "வெளியில இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்கற மாதிரி திட்டுங்க."